சும்மா இருந்த இரண்டு வருஷம்

நம் தொழிலில் எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத ஒரு வித்தை உண்டு. மாணவர் வீடியோவில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். பதில் தெரியாத கேள்வி ஒன்று வந்துவிடும். திருதிருவென்று முழிப்பார். அப்போது கேமராவில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் மெல்லக் கையை நீட்டி மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டியது. ஐந்து நிமிஷம் பதிலைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி மாட்டி, "மன்னிக்கணும், எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது" என்று சொல்ல வைத்தால் முடிந்தது. போடிநாயக்கனூரில் கரண்ட் போகும் என்பதை உலகத்தில் எந்தப் பேராசிரியரும் சந்தேகப்பட மாட்டார்.

நான் இதை நான்கு தடவை செய்திருக்கிறேன். நான்கு தடவையும் பலித்தது. ஐந்தாவது தடவை என் கை பிளக்கைத் தொட்டுவிட்டது. அதைப் பிடுங்கவிடாமல் செய்தவள் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி, இருபத்துநாலு வயது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் என் வெற்றிகளைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் எனக்குத் தொழில் புரிந்தது அந்த ஐந்தாவது தடவையில்தான், அதனால் அதைச் சொல்கிறேன்.

என் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் இருந்தது. போர்டில் நீளமாக ஏதோ எழுதி வைத்திருந்தேன். ஊருக்கு அது 'பாரின் பாய் ஆபீஸ்'. எங்கள் அத்தா ஏலக்காய் வியாபாரம், அண்ணன்மார் இரண்டு பேரும் அதே. நான் ஒருத்தன்தான் மாறி வந்தவன். "நாங்க காயைத் தரம் பிரிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறோம், இவன் பிள்ளைகளைத் தரம் பிரிச்சு அனுப்புறான்" என்று பெரிய அண்ணன் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவார்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மதுரைக்காரர் ஒருவர். கெட்டிக்காரர், நேரம் தவறாதவர். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "விண்ணப்பத்துல ஓட்டை இருக்கக் கூடாது. இருந்தா அடைச்சிரு." ஓட்டை என்று அவர் சொன்னது, படிப்பை முடித்த பிறகு எந்த வேலையும் படிப்பும் இல்லாமல் கிடந்த காலத்தை. நீங்கள் இப்போது அதை 'கேப்' என்கிறீர்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் கேப் இருந்தால் பல்கலைக்கழகமும் கேட்கும், விசா கொடுக்கிறவனும் கேட்பான். அதை அடைக்க நாங்கள் எல்லோரும் ஒரே சிமெண்டைத்தான் வைத்திருந்தோம்: "போட்டித் தேர்வுகளுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்." பொய்தான். ஆனால் யாரையும் கடிக்காத பொய் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அந்தப் பெண்ணின் பேர் மகேஸ்வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ராசிங்காபுரத்தில் விவசாயி. நஞ்சை, தோப்பு எல்லாம் உண்டு. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தது. வேளாண்மையில் பட்டம் வாங்கியிருந்தாள். செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி ஐரோப்பாவில் மேல்படிப்புப் படிக்க வேண்டும், அதுவும் முழு உதவித்தொகையோடு. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் போக வழியில்லை. அவள் அப்பா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்து, முதல் நாளே முடிவாகச் சொல்லிவிட்டார்.

"பாய், இந்த ஒரு தடவைதான். கிடைச்சா போகட்டும், நான் குறுக்க நிக்கலை. கிடைக்கலேன்னா வந்திருக்கிற வரனை முடிச்சிருவேன். அதுக்கும் வயசு ஆகுதுல்ல."

மகேஸ்வரி ஃபைலை என் பக்கம் தள்ளினாள். மார்க்குகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"இந்த ரெண்டு வருஷமா என்னண்ணே செய்யுது பாப்பா?" என்று கேட்டேன்.

"வீட்டுலதான் பாய். சும்மாதான் இருக்கு" என்றார் அப்பா.

நான் போடியில் பிறந்தவன். ஏலக்காய் மூட்டைக்கு நடுவில் வளர்ந்தவன். அவள் விரல்களில் பச்சைக் காயின் கறை ஏறிக் கறுத்திருந்ததைப் பார்த்தேன். சும்மா வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு அந்தக் கறை வராது. அந்தக் கறையைப் பார்த்த கண்ணோடுதான் குனிந்து, "போட்டித் தேர்வுகளுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்" என்று எழுதினேன். நம் பக்கத்து மனுஷன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. நிலபுலன் உள்ள வீட்டில், பெண் கூலிக்காரர்களோடு ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிறாள் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். 'சும்மா இருக்கு' என்பார்கள். கேட்பவனும் மேற்கொண்டு தோண்ட மாட்டான். தோண்டினால் மரியாதைக் குறைவு. அந்த மரியாதையை நானும் காப்பாற்றினேன். மகேஸ்வரி கடிதத்தை வாசித்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் மாதம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வீடியோவில், நம் நேரம் மத்தியானம் மூன்றரைக்கு. இதுதான் கடைசிச் சுற்று. இதைத் தாண்டினால் சீட்டும் உதவித்தொகையும் சேர்ந்தே கிடைக்கும். இரண்டு வாரம் அவளைத் தயார் செய்தேன். அந்த இரண்டு வருஷத்துக்கும் எந்தத் தேர்வு, எந்தப் புத்தகம், ஏன் தேறவில்லை என்று ஒரு கதை கட்டி மனப்பாடம் செய்ய வைத்தேன். எதைச் சொன்னாலும் "சரி சார்" என்றாள். அந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி தட்டையாகிவிடும். பதற்றம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு என் அறையில் அவளும் நானும். பிளைவுட் தடுப்புக்கு வெளியே, பெஞ்சில் அவள் அப்பா. திரையில் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியை, பக்கத்தில் இன்னொருவர். முதல் பத்து நிமிஷம் பிரமாதமாகப் போனது. பிறகு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "இரண்டு வருஷம் தேர்வுக்குப் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிப்பு உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது?"

நாங்கள் எதிர்பார்த்த கேள்வி. பதிலும் தயார். மகேஸ்வரி வாயைத் திறந்தாள். மூன்று வார்த்தை சொன்னாள். நின்றுவிட்டாள்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கை தானாக மேஜைக்கு அடியில் போய்விட்டது. பிளக்கைத் தொட்டு, பிடித்தும்விட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேஜைக்குக் கீழே இடது கையை மட்டும் என் பக்கம் விரித்துக் காட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அந்த வரி உண்மை இல்லை. அந்த இரண்டு வருஷமும் நான் எங்கள் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தேன்."

தம்பி, தங்கச்சிகளே, அந்த நிமிஷத்தில் அவளுக்கு எதெதெல்லாம் போகக்கூடும் என்று நினைத்துப் பாருங்கள். பொய் எழுதியதாக ஒப்புக்கொண்டால் சீட்டு போகலாம். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அப்பாவின் மானம், அவர் நினைப்பில், போகலாம். அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் இருந்தது, ஒப்பித்திருந்தால் போதும். அவளை விட முப்பத்தைந்து வயது மூத்தவன், அதே நேரம், பிளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

அவள் பேசினாள். அப்பா மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில் பைக்கோடு சறுக்கிக் கால் உடைந்தது. தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. விடியும் முன்னே ஜீப்பில் ஏறிப் போனாள், ஒரு காய் எடுப்பைக்கூடத் தவற விடவில்லை. முதல் மழைக்காலத்தில் அழுகல் நோய் வந்து காயெல்லாம் செடியிலேயே அழுகிக் கொட்டியது. மறு வருஷம் மழைக்கு முன்பே நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து, செடிக்கு அடியில் கிடந்த சருகையும் அழுகிய தண்டுகளையும் அப்புறப்படுத்தினாள். எந்த வரிசையில், எந்த வாரம், எத்தனை செடி என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். நோய் நன்றாகக் குறைந்தது.

"ஆனால் ஓடைக்கு மேலே ஒரு மூலை இருக்கிறது. அங்கேயும் இதையெல்லாம் செய்தேன். அங்கே மட்டும் குறையவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் படிக்க வர விரும்புகிறேன்."

தெரியவில்லை என்ற வார்த்தையை நேர்முகத்தில் சொல்லவே கூடாது என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்டதும் பேராசிரியை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த மூலையில் மண் எப்படி, தண்ணீர் எங்கே தேங்குகிறது, பக்கத்துத் தோட்டத்தில் என்ன நிலைமை என்று கேள்வி மேல் கேள்வி. ஒப்பிக்கிற குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. மகேஸ்வரி காற்றில் கையால் சரிவை வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

கேள்விகள் முடிந்தபோது அந்த அம்மாளின் முகம் மறுபடி இறுகிவிட்டது. "இவ்வளவு இருக்க, ஏன் பொய்யை அனுப்பினீர்கள்? யார் எழுதியது?"

மகேஸ்வரி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யார் எழுதினாலும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது நான். தப்பு என்னுடையது."

எனக்கு முதுகெலும்பு அப்போதுதான் வந்தது. தாமதம்தான், ஒத்துக்கொள்கிறேன். நாற்காலியை இழுத்துக்கொண்டு கேமராவில் படும்படி போனேன். அந்த வரியை எழுதியது நான், இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன் என்றேன். என் ஆங்கிலம் அன்றைக்கு நொண்டியது. இரண்டு பேரும் ஏதோ கலந்து பேசினார்கள். மூன்று நாள் அவகாசம் கொடுத்தார்கள். நடந்ததை உள்ளபடி எழுதி அனுப்ப வேண்டும், அந்த நோட்டின் பக்கங்களும் வேண்டும், அவள் அங்கே வேலை பார்த்தாள் என்பதற்குக் குடும்பத்தைச் சேராத ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடிவு அதற்குப் பிறகுதான்.

திரை அணைந்தது. வெளியே வந்தோம். அவள் அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் பிளைவுட் தடுப்பு வழியாகப் 'போடிமெட்டு' கேட்டிருக்கும், 'பாதர்' கேட்டிருக்கும். ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எஸ்டேட்டுக்குப் போனதைச் சொல்லிருச்சா, பாய்?"

"சொல்லிருச்சுண்ணே."

"என்னையப் பத்தி என்ன சொல்லுச்சு?"

உள்ளதைச் சொன்னேன். "எங்கப்பாவுக்குக் கால் உடைஞ்சுது, அவரு தோட்டத்தை நான் பார்த்தேன்னுச்சு. ரெண்டு வருஷத்துல ஒரு காய் எடுப்புக்கூடத் தவற விடலைன்னுச்சு."

திட்டப் போகிறார் என்று மகேஸ்வரி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவர் எழுந்து, "நோட்டு ஸ்டோர்லதான கெடக்கும்? நாளைக்குக் காலையில வெரசா ஜீப்புக்குப் போ. பாயையும் கூட்டிட்டுப் போ" என்றார். காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டது.

மறுநாள் விடியுமுன் தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறினேன். ஏலக்காய் வியாபாரி மகன், அந்த ஜீப்பில் ஏறியது அதுதான் முதல் தடவை. வளைவுக்கு வளைவு என் வயிறு புரண்டது. பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தார்கள். "பாய்க்கு ஒரு எலுமிச்சம்பழம் கொண்டாங்கடி" என்று ஒரு குரல். சொன்னவள் பேச்சியம்மா, அந்த ஜீப்பிலேயே மூத்தவள், இருபது வருஷமாக மலைக்குப் போகிறவள்.

போகும் வழியெல்லாம் என் புத்தி பழைய தடத்திலேயே ஓடியது. யாரிடம் சான்றுக் கடிதம் வாங்குவது? தெரிந்த டாக்டர் இருக்கிறார், ஒரு கல்லூரி முதல்வர் இருக்கிறார், இரண்டு பேரும் லெட்டர்பேடில் கொடுப்பார்கள். மகேஸ்வரியிடம் சொன்னேன்.

"அவங்க யாரும் மழையில எங்கூட நிக்கலையே சார்" என்றாள். "பேச்சியம்மா அக்கா சொல்லட்டும்."

ஸ்டோருக்கு வெளியே, சாக்கு விரிப்பில் உட்கார்ந்து பேச்சியம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். முதலில் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு நான் கை வலிக்கக் கேட்டு எழுத வேண்டியதாகிவிட்டது.

"இந்தப் புள்ள வந்த மொத நாளு, படிச்ச புள்ள, நமக்குச் சட்டம் பேசத்தான் வந்திருக்குன்னு நினைச்சோம். அது கேக்கத்தான் வந்துச்சு. ஏன் அந்தச் செடியை விட்டுட்டு இதை எடுக்குறீங்கன்னு கேக்கும். எந்தக் கிளையைக் கழிச்சா வெயில் எங்க விழுகும்னு எங்கிட்டக் கேட்டுட்டு, அப்பறம் நோட்டுல எழுதும். அட்டைக் கடிக்குப் பயந்து ஒரு நா நின்னதில்ல. எங்களுக்கு முன்னால இறங்கும், எங்களுக்குப் பின்னால ஜீப்பேறும். நான் சொன்னது தப்பாப் போனாலும் 'அக்கா சொன்னாங்க, தப்பாப் போச்சு'ன்னு அதையும் எழுதி வச்சிருக்கு. இதை அப்பிடியே எழுதுங்க பாய். சேத்து எழுதாதீங்க."

சேர்த்து எழுதவில்லை. வரிக்கு வரி அப்படியே மொழிபெயர்த்தேன். எத்தனையோ கல்லூரிப் பெரியவர்களின் பரிந்துரைக் கடிதங்களை அனுப்பியவன் நான். அதில் பாதி நானே எழுதி அவர்கள் கையெழுத்து மட்டும் போட்டவை. என் கையால் போன மிகச் சிறந்த பரிந்துரைக் கடிதம் பேச்சியம்மாவுடையதுதான். அடியில் அவள் தன் பேரை எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதினாள். நோட்டைத் திறந்து பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. மழை பட்டு மை கலைந்த பக்கங்களில், வரிசை வரிசையாக இரண்டு வருஷ உழைப்பு. அதை அடைக்க வேண்டிய ஓட்டை என்று நினைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் எல்லாவற்றையும் அனுப்பினோம், என் தப்பை ஒப்புக்கொண்ட கடிதத்தையும் சேர்த்து. பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் மகேஸ்வரி வழக்கம்போல மலைக்குப் போய்வந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வரன் வீட்டார் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள் என்றும், "பொறுங்க, பிள்ளைக்கு ஒரு சேதி வரவேண்டியிருக்கு" என்று அப்பா நிறுத்திவைத்தார் என்றும் கேள்விப்பட்டேன்.

இரண்டு கடிதம் வந்தது. அவளுக்கு வந்ததில் சீட்டும் முழு உதவித்தொகையும். எனக்கு வந்ததில், ஒரு வருஷத்துக்கு என் ஆபீஸ் மூலம் எந்த விண்ணப்பத்தையும் ஏற்கமாட்டோம் என்றிருந்தது. இரண்டுமே நியாயம்தான். என் கடிதத்தைச் சட்டம் போட்டு மேஜைக்கு எதிரே மாட்டினேன். மோடத்தை எழுந்து போனால்தான் எட்டும்படி தூரத்துச் சுவருக்கு மாற்றினேன்.

அதற்குப் பிறகு, யாராவது "சும்மாதான் இருக்கேன்" என்றால் நான் பேனாவை மூடி வைத்துவிடுவேன். "காலையில எத்தனை மணிக்கு எந்திரிக்கிறே? எந்திரிச்சதும் எங்க போறே?" என்று கேட்பேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள். தறிக்குப் போனவன், படுத்த அம்மாவைப் பார்த்தவள், கடை திறந்தவன் என்று ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். பொட்டிபுரத்துப் பையன் ஒருவன் நான்கு மணிக்கு எழுந்து ஊர் மாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டுவிட்டுத்தான் என் முன்னால் வந்து சும்மா இருக்கிறேன் என்றான்.

கடைசியாக ஒன்று. விசாவுக்குப் படிவம் நிரப்ப அப்பாவும் மகளும் வந்திருந்தார்கள். கடந்த இரண்டு வருஷத்தில் யாரிடம் வேலை, என்ன வேலை என்று ஒரு கட்டம். நான் பேனாவைத் திறக்குமுன் அப்பாவே முந்திக்கொண்டார்.

"என் பேரைப் போடுங்க பாய். வேலைங்கிற இடத்துல எஸ்டேட் மேனேசர்னு போடுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சும்மா இருக்கு என்று சொன்ன வாய் அது. சரி, மனுஷன் ஆசைப்படுகிறார் என்று நானும் எழுதக் குனிந்துவிட்டேன். பாருங்கள், பழைய புத்தி எங்கே போகும்?

"மேனேசரெல்லாம் வேண்டாம்ப்பா" என்றாள் மகேஸ்வரி. "ஆளுகளோட நின்னு வேலை வாங்குனேன். கங்காணி வேலை. அதைப் போடுங்க சார்."

நிலம் உள்ள வீட்டுக்காரருக்குத் தன் மகளைக் கங்காணி என்று கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பேனாவைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார். கதவு திறந்து கிடந்தது. வெளிப் பெஞ்சில் இரண்டு குடும்பம் காத்திருந்தது, அதில் ஒரு குடும்பம் அவருக்குச் சொந்தம். அவர்கள் காதிலும் விழும்படியாகச் சத்தமாகச் சொன்னார்.

"போடுங்க பாய். கங்காணின்னே போடுங்க. எம்மக ரெண்டு வருசம் கங்காணியா இருந்துச்சு."